செத்த மீன் எந்தக் கண்டத்தையும் கொண்டு போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வாஸ்து மீன் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. எந்தத் திசையில் தொட்டி வைக்க வேண்டும், எத்தனை மீன் விட வேண்டும் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், மீன் இறந்துபோனால் வருத்தப்பட வேண்டாம், வீட்டில் இருப்பவர்களுக்கு வரவிருந்த கண்டத்தை, அதாவது கெடுதலை, அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம், உடனே அதே மாதிரி ஒரு மீனை வாங்கி விட்டுவிடுங்கள் என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். போன மார்கழியிலிருந்து தை முடிவதற்குள் எங்கள் வீட்டில் 22 மீன் செத்துப்போயின. ஒவ்வொன்றுக்கும் இதே ஆறுதலைத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆறுதல் சொன்னவர்களில் ஒருவர்கூட தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

நாங்கள் இருப்பது கோவை வடவள்ளிப் பக்கம். மகளுக்கு ஒன்பது வயது. பிறந்த நாளுக்கு மீன் தொட்டிதான் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய் இரண்டடித் தொட்டி, ஃபில்டர், கலர் கல், பிளாஸ்டிக் செடி எல்லாம் வாங்கினோம். அதே கையோடு மீனும் வாங்கினோம். கோல்டு ஃபிஷ் இரண்டு, மாலி நான்கு, கப்பி ஆறு, நியான் டெட்ரா நான்கு, கடைக்காரர் சொன்னதால் டேங்க் கிளீனர் என்கிற மீன் ஒன்று. மொத்தம் 17. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விடலாமா என்று கேட்டேன், தாராளமாக விடலாம் என்றார். தொட்டி ஏற்கெனவே ஓடுகிறதா, புதிதா, வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லத் தெரியாத நிலையில்தான் நான் இருந்தேன், அது வேறு.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் கோவையில் நிறையப் பேர் இதைத்தான் செய்வார்கள். எங்களுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. போர் தண்ணீர், அதை உப்புத்தண்ணி என்போம், பாத்திரம் கழுவ, துணி துவைக்க. சிறுவாணித் தண்ணீர், அதுதான் நல்ல தண்ணி, குடிக்க, சமைக்க. சில நாளுக்கு ஒருமுறைதான் வரும், சம்ப்பில் பிடித்து வைத்துப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வோம். குழந்தை ஆசைப்பட்டு வாங்கிய மீனை உப்புத்தண்ணியில் விட மனசு வரவில்லை. குடம் குடமாக நல்ல தண்ணியைத் தூக்கி ஊற்றினேன். தெளிந்த கண்ணாடி மாதிரி இருந்தது தொட்டி. கவரை இருபது நிமிடம் மிதக்கவிட்டுப் பிரித்து உள்ளே விட்டோம். மகள் அன்றைக்கு ராத்திரி பத்தரை வரைக்கும் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நியான் டெட்ரா இரண்டு அடியில் கிடந்தன. மாலிகள் நான்கும் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தன. நின்ற இடத்திலேயே, நீந்தாமல், உடம்பு மட்டும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது, செட்டையெல்லாம் உடம்போடு ஒட்டிக் குச்சி மாதிரி. மகள் அதைப் பார்த்து “அம்மா, டான்ஸ் ஆடுது” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது நடுக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. திங்கள்கிழமை மாலி இரண்டு, கப்பி மூன்று போயின. புதன்கிழமை கோல்டு ஃபிஷ் இரண்டும் மேலே வந்து ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பாக இருந்தது. கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். “புது மீனுன்னா ரெண்டு மூணு போகத்தானுங்கக்கா செய்யும். தொட்டிய நல்லாக் கழுவி வேற தண்ணி விட்டு, நான் குடுத்த நீல மருந்து ஊத்துங்க, கல் உப்பு ஒரு கைப்பிடி போடுங்க” என்றார். சொன்னபடி செய்தேன். கல்லையெல்லாம் அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர், நீல மருந்து. தொட்டி முழுக்க மை கரைத்தது போல ஆனது. அந்த நீலம் இன்றைக்கும் தொட்டி மூலையில் சிலிக்கான் ஒட்டில் இருக்கிறது, போகவில்லை.

பதினோரு நாளில் 15 மீன் செத்தன. மிஞ்சியது ஒரு கோல்டு ஃபிஷ், அந்த டேங்க் கிளீனர். ஒவ்வொன்றையும் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தோம். என் மாமியார் அன்பானவர், பேத்தி அழுவதைத் தாங்க மாட்டார். “அழுவாத கண்ணு, நம்மூட்டுக்கு வர இருந்த கண்டம் மீனோட போயிருச்சு” என்று மடியில் போட்டுக்கொண்டு தேற்றினார். அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது என் மகள் என்னிடம் கேட்டாள்: “அப்ப அந்த மீனைச் சாகறதுக்குத்தான் வாங்கினமா அம்மா?” கொஞ்ச நேரம் கழித்து, “இல்ல நான் தீனி நிறையப் போட்டதாலயா?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் என்னை விடாமல் அரித்தது.

அப்புறமும் புத்தி வரவில்லை. பொங்கல் லீவில் எட்டு மீன் வாங்கினோம். அன்று காலையில்தான் வந்து இறங்கியது என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது என்று வாங்கினோம். ஐந்தாம் நாள் ஒரு பிளாட்டி மீது ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. இரண்டு நாளில் எல்லாவற்றின் மீதும். கல்லில் போய் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக்கொண்டன. ஏழு போயின.

காரமடைப் பக்கம் சிமெண்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், என் கணவரின் நண்பருக்குச் சொந்தம். ஒரு ஞாயிறு வடவள்ளி வந்தவர் வீட்டுக்கும் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் மருந்து எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விட்டார். டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். 58 என்று காட்டியது. எங்கள் போர் தண்ணீரில் வைத்தார், 870. பிறகு அவர் சொன்னதை நான் அடுத்த நாளே அந்தக் கடைக்குப் போய் ஒரு கப் தண்ணீர் வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். கடைத் தொட்டியில் 940.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் வண்ண மீன் வியாபாரத்தில் பெரும்பங்கு சென்னை கொளத்தூரை மையமாக வைத்து நடக்கிறது. கொளத்தூரிலும் அதைச் சுற்றித் திருவள்ளூர் மாவட்டத்திலும் வளர்ப்பவர்கள் அதிகம், நிலத்தடித் தண்ணீரிலேயே வளர்ப்பவர்களும் அதிகம். அங்கிருந்து ஆக்சிஜன் அடைத்த கவரில், தெர்மாகோல் பெட்டியில், ராத்திரி வண்டியில் கோவைக்கு வருகிறது. இங்கே கடையிலும் போர் தண்ணீர்தான். பிறந்ததிலிருந்து உப்புத்தண்ணியிலேயே இருந்த மீனை இருபது நிமிடம் கவரை மிதக்கவிட்டு உப்பே இல்லாத சிறுவாணியில் போட்டால் என்ன ஆகும்? அதன் உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், உடம்பிலிருக்கும் உப்பு செவுள் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும், அதைச் சமாளித்துச் சமாளித்தே ஒன்றிரண்டு நாளில் ஓய்ந்துவிடும். கவரை மிதக்கவிடுவதால் சூடுதான் சமமாகும், உப்பு சமமாகாது. மாலிகள் ஆடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இது. மாலி கடலோர உவர் தண்ணீரிலும் வாழக்கூடிய மீன், அதற்கு எங்கள் உப்புத்தண்ணிதான் பிடித்திருக்கும். குழந்தை ஆசைப்பட்ட மீன் என்று நான் தூக்கித் தூக்கி ஊற்றிய நல்ல தண்ணிதான் அதைக் கொன்றது.

சிறுவாணித் தண்ணீர் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மீன், உப்பில்லாத தண்ணீர்தான் அதன் சொந்த ஊர்த் தண்ணீர். ஆனால் 940-ல் பழகிய உடம்பை ஒரே தாவலில் 58-க்கு இறக்கினால் அதுவும்தான் சாகும். தாவல்தான் பிரச்சினை. இது கோவைக்கு மட்டுமான கதையும் அல்ல. ஆர்.ஓ. மெஷின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அதுவும் இதே மாதிரிதான்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது, பெரியவர் “இது பழகாத தண்ணிங்க அம்மிணி” என்றார். மீன் மூச்சுவிடும்போது செவுள் வழியாகவே அம்மோனியா வெளியேறுகிறது, கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் இன்னும் வருகிறது. அது விஷம். பழைய தொட்டியில் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா ஒரு கூட்டம் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் விஷம்தான், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு தீங்கில்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் இருக்காது. தானாக உருவாகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், குளிர் மாதத்தில் இன்னும் இழுக்கும். நாங்கள் தொட்டி வாங்கிய அன்றே 17 மீனை விட்டோம், அதில் இரண்டு கோல்டு ஃபிஷ், கழிவு அதிகம் போடுகிற மீன். அவை மேலே வந்து வாயைத் திறந்தது பசியால் இல்லை, தீனி கேட்கிறது என்று நினைத்துத்தான் மகள் இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். செவுள் எரிந்துகொண்டிருந்தது.

இப்போது நான் செய்த வைத்தியத்தைப் பாருங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து வெயிலில் காயவைத்தேன், கொஞ்சநஞ்சம் பிடித்திருந்த பாக்டீரியாவும் போனது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, கிருமியைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள், நல்லது கெட்டது பார்த்தா கொல்லும்? நீல மருந்து, அதன் பெயர் மெத்திலீன் ப்ளூ, பூஞ்சைக்கும் மீன் முட்டைக்கும் தனிப் பாத்திரத்தில் பயன்படுத்த வேண்டியது, தொட்டியில் ஊற்றினால் அந்தப் பாக்டீரியாவையும் சேர்த்துப் பாதிக்கும். ஒவ்வொரு மீன் செத்தபோதும் நான் தொட்டியைத் துடைத்து வைத்த புதுப் பாத்திரமாக்கினேன், ஒவ்வொரு தடவையும் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. ‘கழுவி வேற தண்ணி விடுங்க’ என்று தமிழ்நாடு முழுக்கக் கடைகளில் சொல்கிறார்கள், அந்த ஒரு வாக்கியம் கொன்ற மீனுக்கு அளவிருக்காது என்று நினைக்கிறேன். மொத்தமாகக் கழுவாதீர்கள். மீன் தவிக்கிறது என்றால் தீனியை நிறுத்திவிட்டு, கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தண்ணீரை மட்டும், குளோரின் போன, அதே உப்புள்ள தண்ணீராக மாற்றுங்கள், மறுநாளும் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் ஒரு தடவை முக்கிப் பிழிந்தால் போதும்.

கல் உப்பு மட்டும் பாதி சரி. நைட்ரைட் ஏறும்போது அயோடின் சேர்க்காத உப்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டால் அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் எங்கள் 55 லிட்டர் தொட்டிக்கு 55 கிராம், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கைப்பிடி என்பது யாருடைய கைப்பிடி?

வெள்ளைப் புள்ளிக்கு வருகிறேன். அது ஓர் ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முற்றியதும் மீனை விட்டு விழுந்து கல்லில் கூடு கட்டிப் பெருகும், நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும், அந்தத் தேடும் நேரத்தில்தான் மருந்து கொல்லும். 25 டிகிரி வாக்கில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரம், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் நாளாகும். நாங்கள் புள்ளி மறைந்த அன்றைக்கு, சரியாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தினோம். அது மறையவில்லை, கீழே விழுந்து பெருகிக்கொண்டிருந்தது. நான்கு நாளில் இரண்டு மடங்காக வந்தது. கோவையில் தை மாத ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரியும், எங்கள் தொட்டியில் ஹீட்டர் கிடையாது, கடையில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதற்கு மேல், ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து இறங்கிய மீன் ஏற்கெனவே துவண்டு போயிருக்கும், அனுப்புவதற்கு முன் கவரில் கழிவு சேரக் கூடாதென்று ஒன்றிரண்டு நாள் பட்டினி வேறு போட்டிருப்பார்கள். அதைக் காலையில் இறக்கிச் சாயங்காலம் இன்னொரு கவரில் போட்டு இன்னொரு தண்ணீரில் விட்டால் நோய்க்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரிதான். காய்கறிக்குத்தான் இன்று வந்தது நல்லது. மீனுக்கு, கடையில் ஒரு வாரம் இருந்து, தீனி போட்டால் ஓடி வருகிற மீன்தான் நல்லது, பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

பெரியவர் சொன்னபடி மறுபடி ஆரம்பித்தோம். மீன் வாங்கவில்லை. மிஞ்சியிருந்த மூன்றையும் அவரே ஒரு வாளியில் எடுத்துப் போனார். அவருடைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் போகாமல் கவரில் போட்டுக் கொடுத்தார், பார்க்க அசிங்கமாக, காப்பிப்பொடி நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தது, தொட்டியில் இருப்பதிலேயே அதுதான் விலை உயர்ந்த பொருள் என்றார். அதை எங்கள் ஃபில்டருக்குள் வைத்து, பாதி சிறுவாணி பாதி போர் தண்ணீர் நிரப்பி, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு அழுகவிட்டோம். அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்துக் குப்பி சில நூறு ரூபாய்தான். ஐந்து மில்லி தண்ணீரில் சொட்டு விட்டுக் குலுக்கினால் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. முதல் வாரம் இலைப்பச்சை. மகள் ஒரு நோட்டுப் போட்டுத் தேதி எழுதி ஒவ்வொரு நாள் நிறத்தையும் கலர் பென்சிலால் தீட்டி வைத்தாள். ஐந்து பக்கம் பச்சை, அப்புறம் வெளிறிய பச்சை, நான்காம் வாரம் ஒருநாள் மஞ்சள். “அம்மா, எலுமிச்சம்பழக் கலர்!” என்று கத்தினாள். அதற்குப் பிறகும் நைட்ரைட் இறங்க ஒன்பது நாள் ஆனது.

முதலில் மூன்றே மாலி. கடைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, வந்து பத்து நாளான மீனாக எடுத்தோம். வீட்டில் வாளியில் கடைத் தண்ணீரோடு விட்டு, மெடிக்கலில் வாங்கிய குளுக்கோஸ் ஏற்றும் டியூபைத் தொட்டியிலிருந்து இறக்கி, சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம். அந்தத் திருகியை எவ்வளவு இறுக்கினால் நொடிக்கு இரண்டு சொட்டு விழும் என்பது மகளுக்கு இப்போது அத்துப்படி. பிறகு வலையில் பிடித்து மீனை மட்டும் தொட்டியில் விட்டோம், வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். அன்றைக்குத் தீனி இல்லை, விளக்கு இல்லை. (வெளியூரிலிருந்து ஆர்டர் போட்டு வரவழைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பல மணி நேரம் மூடியிருந்த கவரில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரில் அமிலத்தன்மை ஏறிப் புளித்திருக்கும், அதனால் உள்ளே இருக்கும் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். கவரைத் திறந்த கொஞ்ச நேரத்தில் வாயு போய்ப் புளிப்பு இறங்கியதும் அது மறுபடி விஷமாகும். அந்தத் தண்ணீரில் மணிக்கணக்கில் சொட்டு விட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அனுப்புகிறவரிடம் அவர் தண்ணீரின் உப்பளவை முன்னாலேயே கேட்டு, தனியாக ஒரு டப்பில் அதே அளவுக்குத் தண்ணீர் தயார் செய்து, சூடு சமமானதும் மீனை நேரே அதில் விட்டுவிடுவது நல்லது.)

இப்போது மீன் வாங்கினால் முதல் மூன்று வாரம் தனி டப்பில்தான் இருக்கும். ஓர் ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச், இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப், ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. 

இனி கடைக்காரர்களுக்கு. எங்கள் தண்ணீர் தவறால் செத்த மீனுக்கு நீங்கள் பணம் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது நியாயமில்லை. ஆனால் ‘உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது’ என்று அட்டை மாட்டிவிட்டால் உங்கள் பொறுப்பு முடிந்துவிட்டதா? 25 மீன் வாங்கிய எனக்கு ஒரு பில் கூடக் கிடைக்கவில்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது, பில்லில் காலவரை போடவில்லை என்றால் 30 நாள் என்றும் சொல்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். முப்பது ரூபாய் மீனுக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நானும் போடப்போவதில்லை. நான் கேட்பது இரண்டு வரி. கவரின் மீது மார்க்கரில், மீன் கடைக்கு வந்த தேதி, கடைத் தண்ணீரின் டி.டி.எஸ். அளவு. இவ்வளவுதான். அளக்கிற பேனா உங்கள் கடையிலேயே விற்கிறது. கூடவே ‘தொட்டி போட்டு எத்தனை நாளாச்சு?’ என்று ஒரு கேள்வி. புதுத் தொட்டி என்றால் ‘மீனை ஒரு மாசம் கழிச்சு வாங்கிக்கோங்க’ என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஆள் ஆயுசுக்கும் உங்கள் கடைக்குத்தான் வருவார். அந்த ஏழு மீன் செத்ததற்கு அப்புறம் நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போடுவதாகத்தான் இருந்தேன். வெளிநாடுகளில் பல கடைகளில் மீன் செத்தால் மீனோடு தொட்டித் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டு வரச் சொல்வார்கள், சோதித்துப் பார்த்துத் தண்ணீர் சரியாக இருந்தால் வேறு மீன் தருவார்கள், சரியில்லையென்றால் என்ன தவறென்று சொல்லி அனுப்புவார்கள். இரண்டு பேருக்கும் நியாயமான ஏற்பாடு. இங்கே ஏன் முடியாது?

அரசுக்கும் ஒன்று. வண்ண மீன் வளர்ப்புக்கு மானியம் இருக்கிறது, 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் பின்கட்டில் சிறு அலகு அமைப்பதற்குக்கூட உதவி அறிவித்தார்கள். மீன்வளப் பல்கலைக்கழகம் வளர்ப்பவர்களுக்குப் பயிற்சி தருகிறது. எல்லாம் நல்லது. வளர்த்தெடுத்த மீன் கடைசியில் போய்ச் சேரும் வீட்டுக்கென்று மீன்வளத் துறை தமிழில் ஒரு பக்கத் துண்டுத்தாள் அடித்துக் கடைகளுக்குக் கொடுத்தால் பெரிய செலவில்லை. விற்பவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எனக்கு மீன் விற்றவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

டேங்க் கிளீனர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்த வேகத்தில் விட்டுப்போகும். அது தொட்டியைச் சுத்தம் செய்வதில்லை, பாசியைச் சுரண்டித் தின்று நிறையக் கழிவு போடும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏதாவது குளத்தில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்க மீன், எதற்கும் சாகாது, நம் ஏரி குளங்களில் பெருகி மீனவர் வலையில் நாட்டு மீனுக்குப் பதில் அதுதான் வருகிறது. நோய் வந்த மீனையும் அப்படிப் ‘புண்ணியமாகப் போகட்டும்’ என்று குளத்தில் விடாதீர்கள். எங்களுடையது காரமடைச் சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது.

மாமியாருக்கு இன்னும் அந்த நம்பிக்கை உண்டு, அதில் நான் தலையிடவில்லை, அவர் எங்களை நேசிப்பதால் வருகிற நம்பிக்கை அது. ஆனால் ஆசிரியர் அவர்களே, ஒரு நாளிதழ் அதை அச்சில் போட்டு, செத்ததும் உடனே இன்னொன்றை வாங்கி விடுங்கள் என்று சொல்லும்போது, அதே விஷத் தண்ணீரில் இன்னொரு உயிரைப் போடச் சொல்கிறது என்றுதான் அர்த்தம். தன் கையால்தான் செத்ததோ என்று நினைத்துக்கொண்டு தூங்காமல் படுத்திருந்த குழந்தைக்கு, காரணம் என்ன என்று தெரிந்த அன்றைக்குத்தான் அழுகை நின்றது. ‘மீன் வாங்கும் முன் ஒரு மாதம்’ என்று தலைப்புப் போட்டு, அந்தக் குறிப்பு வந்த அதே இடத்தில், அதே அளவில், தொட்டியைப் பழக்குவது எப்படி என்று மீன்வளத் துறையினரிடமே எழுதி வாங்கிப் போடுங்கள்.

எங்கள் ஃபில்டரில் இப்போது இரண்டு ஸ்பாஞ்ச் ஓடுகிறது, ஒன்று எங்களுக்கு, ஒன்று கேட்பவர்களுக்கு. இதுவரை எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். வாங்க வருகிறவர்களிடம் என் மகள் நோட்டை எடுத்து வந்து காட்டி, மஞ்சள் வரும் வரைக்கும் மீன் வாங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஸ்பாஞ்சைக் கொடுக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடவள்ளி, கோவை.